பத்துப் பேர் காட்டிய அழகு

புது சூப்பர்வைசர் அந்தத் துணி ஆலையின் மடிப்புப் பிரிவுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மனுஷனுக்கு ரத்தம் கொதித்தது.

பின்னே என்ன? மேஜைக்கு மேஜை நின்று துணி மடிக்கும் பத்துப் பெண்களும் நாள் பூரா அழகு காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கன்னத்தை உப்புகிறாள். இன்னொருத்தி உதட்டைக் காதுவரை இழுக்கிறாள். எதிர் மேஜைக்காரி அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். ஒருத்தி வாயிலிருந்தாவது சத்தம் வர வேண்டுமே!

கன்னத்தை உப்புவது தன் தொப்பையைக் கிண்டல் செய்யத்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

மெமோ எழுத உட்கார்ந்தார். 'அழகு காட்டுதல்' என்று எழுதிவிட்டு முழித்தார். இந்தக் கண்றாவிக்குப் போய் எவன் அழகு என்று பேர் வைத்தான்? அதை அடித்துவிட்டு, 'முகத்தைக் கோணிக் கேலி செய்தல்' என்று எழுதினார்.

அவர்களில் மூத்தவளைக் கூப்பிட்டனுப்பினார். எல்லோருக்கும் அவள் பெரியக்கா.

"ஏம்மா, என்னைப் பார்த்தா உங்களுக்குக் கோமாளி மாதிரி இருக்கா?"

"ஐயையோ, கேலி இல்ல சார். அது எங்க பேச்சு. இருபது வருஷம் தறிக்கூடத்துல இருந்தோம். தறி ஓடுற சத்தத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது. முகத்தாலயே பேசிப் பழகிட்டோம். கன்னத்தை உப்பினா, டீ வந்தாச்சுன்னு அர்த்தம்."

அவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"தறியெல்லாம் வித்து ரெண்டு வருஷம் ஆச்சே! இங்கதான் ஈ பறந்தாக்கூடக் கேக்குதே. வாயைத் திறந்து பேசறதுக்கு என்ன? நாளையிலேர்ந்து யாராவது முகத்தைக் கோணினா சீட்டைக் கிழிச்சிடுவேன், சொல்லிட்டேன்."

பெரியக்கா திரும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்படி மட்டும் பண்ணிடாதீங்க சார். எங்கள்ல ஒருத்திக்கு அந்தத் தறிச் சத்தத்துலயே காது போயிடுச்சு. உங்களுக்கு முன்னாடி இருந்தவர், காது மந்தம்னு ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டார். காது போன இவ சம்பளத்துலதான் இவ வீட்டுல அடுப்பு எரியுது. நாங்கல்லாம் வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சா, அவ ஒருத்தி மட்டும் தனியாத் தெரிஞ்சிடுவா சார்."

சூப்பர்வைசர் மெமோவை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். போட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யாரும்மா அது?"

"நீங்க நல்லவர்தான் சார். ஆனா அதைச் சொல்லிடறதா இருந்தா, பத்துப் பேரும் ரெண்டு வருஷமா எதுக்கு சார் முகத்தைக் கோணிக்கிட்டு நிக்கிறோம்?"