நாடே திட்டுது!

"'தட்டுல இருக்கிற அப்பளத்தைக்கூட இவளால வலைக்கு அந்தப் பக்கம் போட முடியாது.' எப்படி எழுதியிருக்காங்க பாருடி! இதுக்குப் பத்துக்கு எட்டு குடுக்கலாம்" என்றாள் வெனிங், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜகார்த்தா தேசிய இறகுப்பந்துப் பயிற்சி முகாமில் வெனிங்கின் அறைத்தோழி மெய்கே. இரட்டையர் பிரிவில் ஆடுபவள். கட்டிலில் உட்கார்ந்து மட்டைக்குப் புதுப் பிடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதை மூடி வை. நாளைக்கு ஆட்டம் இருக்கு."

"இரு, இன்னொண்ணு. 'தேங்காய்ப்பால் திரிஞ்ச மாதிரி ஒரு ஸ்மாஷ்.' இது ஒன்பது."

"அது என்னடி, உன்னை வெறுக்கிறவங்க எல்லாம் சமையக்கட்டுலயே உக்காந்திருக்காங்க?"

"நாடே வெறுக்குது. அதுல நாலு பேருக்குச் சமைக்கவும் தெரிஞ்சிருக்கும்."

வெனிங்குக்கு வயது இருபது. பெண்கள் ஒற்றையர் ஆட்டக்காரி. இந்த வருடம் ஆடிய எல்லாப் போட்டியிலும் முதல் சுற்றோடு சரி. "வெளியூர் போனா நான் பெட்டியைத் திறக்கிறதே இல்ல. எப்படியும் மறுநாள் மூடணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனாலும் புகழ் புகழ்தான். தெருமுனைக் கடைக்கு சூப் குடிக்கப் போனால்கூடத் தொப்பி, முகக்கவசம். சூப் உள்ளே போகும் நேரம் மட்டும் கவசத்தைத் தாடைக்கு இறக்குவாள். இதுவரை ஒருவர்கூட அவளை அடையாளம் கண்டுகொண்டதில்லை. நல்ல கவசம் என்று மெய்கேவுக்கும் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"கோச் என்ன சொன்னாரு?"

"நாளைக்கும் முதல் சுற்றுலயே தோத்தா முகாமை விட்டு வீட்டுக்குப் போயிடணுமாம். எனக்கு வழி மறக்கல சார்னேன். அவர் சிரிக்கல."

மெய்கேவும் சிரிக்கவில்லை. வெனிங் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஜெயிச்சுட்டா நாடு வாயை மூடும்டி. ஜெயிச்ச பிறகும் திட்டினாங்கன்னு வை, கோச் அனுப்ப வேண்டாம், நானே பையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். சத்தியமா. வேண்டாம்னு சொல்றவங்களுக்காக எவ்வளவு நாள் ஓடுறது?"

கைப்பேசி அடித்தது. சொந்த ஊர் கிளாத்தெனிலிருந்து அம்மா.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன்மா."

"கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு ஆடு. சரி, மாசச் சீட்டுக் கட்டுறவங்க எல்லாம் வந்திருக்காங்க. வச்சிடுறேன்."

ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்போதுமே கிடையாது. பெற்றவளுக்கே வெட்கமாக இருக்கிறது போல என்று வெனிங் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அரங்கத்தில், ஆட்டக்காரர்கள் நுழையும் வாசலில் காவலாளி மறித்தார்.

"பார்க்க வந்தவங்களுக்கு அந்தப் பக்கம்மா."

வெனிங் கம்பீரமாகக் கவசத்தைக் கழற்றினாள். அவர் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"அந்தப் பக்கம்னு சொன்னேனே."

அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் வழி விட்டார். இவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான், வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கோபம் எதிரே நின்ற தாய்லாந்துக்காரியின் மேல் இறங்கியது. மூன்றாவது செட்டின் கடைசிப் பந்து வலையின் விளிம்பில் உட்கார்ந்து சற்று யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் விழுந்தது. வெனிங் பழக்க தோஷத்தில் தோற்றவளின் முகத்தோடு போய்க் கை குலுக்கினாள். "ஏய், நீதான் ஜெயிச்சே!" என்று கோச் கத்த வேண்டியிருந்தது.

மெய்கே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "இப்ப என்ன சொல்லுது உன் நாடு?"

வெனிங் ஆசையாகக் கைப்பேசியைத் திறந்தாள்.

'எதிராளிக்குத் தூக்கம் வந்துடுச்சு, அதான்.' 'உறைப்பில்லாத மிளகாய்ச் சம்பல் ஒரு நாள் வித்துப்போச்சு, அவ்வளவுதான்.' கீழே இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தது. நேற்றைப் போல இரண்டு மடங்கு.

இந்த முறை அவள் மதிப்பெண் போடவில்லை. உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பையை இழுத்து மூடினாள். அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, நான் வீட்டுக்கு வர்றேன்."

"ஏன்? ஜெயிச்சுட்டேல்ல?"

"ஜெயிச்சும் திட்டுறாங்கம்மா. உறைப்பில்லாத சம்பலாம் நான். போதும்மா. என்னால முடியல." குரல் உடைந்தது.

மறுமுனையில் அம்மா வேறு யாரையோ அதட்டுவது கேட்டது. "ஏய் துமினா, சம்பல் உன் வேலைதானே? பிள்ளை அழுறா பாரு!"

"சித்தியா? சித்தியாம்மா எழுதினாங்க?"

"பையைக் கீழ வை கண்ணு. ஜூனியர்ல நீ கோப்பை வாங்கினப்ப தெருவே உன்னைத் தூக்கி வச்சுப் புகழ்ந்துச்சே, ஞாபகம் இருக்கா? மறுநாளே கணுக்கால் போச்சு. கண்ணு பட்டுடுச்சு. அதான், யாரும் புகழ்றதுக்குள்ள நாங்க சீட்டுக்காரங்க எல்லாம் முந்திக்கிட்டு, ஆளுக்கு அஞ்சாறு பொய்ப் பேர்ல திட்டி வைக்கிறோம். அப்பளம் என்னுது. இன்னிக்கு நீ ஜெயிச்சதும் பயந்துபோய் ரெண்டு பங்கா போட்டுட்டோம்."

வெனிங் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தனையும் நீங்களா? அப்ப... என்னைத் திட்டின நாடு?"

"நாடா?" அம்மா நிஜமாகவே குழம்பிப்போனாள். "நாட்டுல யாருக்கு உன்னைத் தெரியும் கண்ணு?"