மாமனாரின் மருந்து டப்பா

"இனிமே இந்த மனுஷன் கையில என் குழந்தையைக் கொடுக்கவே மாட்டேன். சொல்லிட்டேன்!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமனார் சாய்ந்திருந்தார். நெற்றியில் கட்டு, கையில் டிரிப்ஸ். அவள் இடுப்பிலிருந்த குழந்தைதான் ஒன்றும் புரியாமல் தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டியது. வெடுக்கென்று அதை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். கீழே தொப்பென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் ஹாலில் மாமனார் குப்புறக் கிடக்கிறார், தரையெல்லாம் ரத்தம். குழந்தை சோபாவில் கிடந்து வீறிடுகிறது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால்?

பாவம், வயசானவர், மயக்கம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தப் பாவமெல்லாம் டாக்டரம்மா மருந்து டப்பாவைத் திறக்கும் வரைதான்.

டப்பாவைக் கொண்டுவந்தவளும் அவளே. வீட்டில் அவள் கை படாத பொருள் அது ஒன்றுதான். மாமனாரைத் தவிர யாரும் அதைத் திறக்கமாட்டார்கள்.

டாக்டரம்மா ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்தார். "இது ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு, சரி. இது வாய்வுக்கு. இது..."

நீல மாத்திரை அட்டை. புதுசு. ஒன்று மட்டும் காலி.

"இது விறைப்புக்குப் போடுற மாத்திரையாச்சே. யார் எழுதிக் கொடுத்தது?"

அவள் கணவன் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னுதுதாம்மா. நானாத்தான் வாங்கினேன்."

"அதான் பிரஷர் இப்படி இறங்கியிருக்கு. இதுவும் ப்ராஸ்டேட் மாத்திரையும் ரெண்டுமே ரத்தக்குழாயைத் தளர்த்துறது. சேர்த்து முழுங்கிட்டு சட்டுனு எழுந்தா, கண்ணை இருட்டிட்டுத்தான் வரும்."

கணவன் குதித்தான். "அசிங்கமா இல்லையாப்பா உங்களுக்கு? அம்மா போய்ச் சேர்ந்தாச்சு, பேரப்பிள்ளை எடுத்தாச்சு. இந்த வயசுல இது யாருக்கு?"

"யாருக்கா? பார்க்குல போய்க் கேளுங்க!" என்றாள் அவள். "வாக்கிங் போறதுக்கு இஸ்திரி சட்டை என்ன, சென்ட் என்ன! அந்த ரிட்டயர்டு டீச்சரோட அப்படி என்ன ஓயாத பேச்சுன்னு அப்பவே நினைச்சேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" டாக்டரம்மா அட்டையை மேஜையில் தட்டினார். "இதுல அசிங்கம் எங்கேருந்து வந்தது? ரெண்டு மாத்திரையும் சாப்பிட்டு நல்லா நடமாடுறவங்க எத்தனையோ பேர். ப்ராஸ்டேட் மாத்திரை முதல்ல உடம்புக்குப் பழகணும். அப்புறம் இதைக் குறைஞ்ச டோஸ்ல, இடைவெளி விட்டு ஆரம்பிப்போம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவங்கதான் இதைத் தொடவே கூடாது. டாக்டர்கிட்ட மறைச்சாதான் ஆபத்து. ஐயா, நீங்க எவ்வளவு நாளா போடுறீங்க?"

மாமனார் விழித்தார். "இன்னைக்குத்தான்... முதல் தடவை."

"காலை டிபன் முடிச்சுட்டா?"

மாமனார் தலையாட்டினார். டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் அவசரமாகக் கூப்பிட, போய்விட்டார்.

"டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுங்க," என்றான் கணவன். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல உங்களை வச்சுக்க முடியாது."

அப்பாவுக்கு எதிரே அவன் இப்படி ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

மாமனார் குழந்தையைப் பார்த்தார். "சரிப்பா," என்றார்.

பால் கலக்க வெந்நீர் வாங்கி வரலாமென்று குழந்தையோடு வெளியே வந்தாள். பாதி வராந்தா போன பிறகுதான் பாட்டிலையே எடுக்கவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்தாள். திரைச்சீலைக்கு உள்ளே மாமனாரின் குரல் தணிந்து கேட்டது.

"பயப்படாதே, அவகிட்ட நான் மூச்சு விடமாட்டேன். ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கோ. வெட்கப்படாதே. உன் மாத்திரையை இனிமே என் டப்பாவுல மட்டும் ஒளிச்சு வைக்காதேடா. என் வாய்வு மாத்திரையைத்தான் மருந்துக்கடையில கம்பெனி மாத்திக் கொடுத்துட்டான்னு நினைச்சு முழுங்கிட்டேன். நல்லவேளை, கண்ணை இருட்டுறப்பவே குழந்தையை சோபாவுல போட்டுட்டேன்."

"ஐயோ, மெதுவாப்பா! யாராவது கேட்டுடப் போறாங்க. கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டுலயே இருங்க. இவ சூடு ஆறட்டும்."

திரைச்சீலை சர்ரென்று விலகியது.

கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராகப் போய்க் குழந்தையை மாமனாருக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடத்தினாள். அது தாத்தாவின் விரலை எட்டிப் பிடித்துக்கொண்டது.

"பார்த்துக்கோங்க மாமா." அதற்கு மேல் அவளுக்குக் குரல் வரவில்லை.

கணவனிடம் திரும்பியபோது வந்துவிட்டது.

"மாத்திரை வாங்கினது தப்பே இல்லைங்க, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எழுந்து போய், அது யாரோட மாத்திரைன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா, இந்த வார்டுக்கே கேட்கும்."