டெல்மரின் முதல் துப்பாக்கி

"உனக்கு ஈவு இரக்கமே கிடையாதாய்யா?"

ஜோலீனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே? சமையலறை மேஜை முழுக்கத் துப்பாக்கிப் பாகங்கள், ரொட்டித் தட்டு வைக்க இடமில்லை. அதுகூடப் போகட்டும். புருஷன் டெல்மர் போன் போட்டு வரச் சொல்லியிருப்பது யாரை? அவளுடைய அண்ணன் ஹார்லனை!

அந்த மொன்டானா மலைப்பக்கத்தில் மான் வேட்டை என்றாலே ஹார்லன்தான். மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் அவர் வலது கையில் மூன்று விரலைக் கொண்டுபோனதோடு எல்லாம் போச்சு. துப்பாக்கிகளை விற்றார். கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வருஷமாகத் தங்கை வீட்டுப் படிகூட ஏறவில்லை. யாராவது உதவி என்று போனால், "பாவம் பார்க்க வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடு" என்பார்.

"அவரைக் கூப்பிட்டா துப்பாக்கி காட்டுவே? மறுபடி உடைஞ்சு போயிடுவார்யா!"

"எனக்கு வேற யாரைத் தெரியும்?" என்றான் டெல்மர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஐம்பது வயசில் முதல் துப்பாக்கி. அதையும் பாகம் பாகமாக வரவழைத்து வீட்டிலேயே பூட்டுகிறானாம்! "குறி பார்க்கிற ஸ்கோப் கண்ணாடியை மாட்டிட்டேன் மச்சான், ஆனா எதிர்மலை மரமெல்லாம் தீக்குச்சியாட்டம் தெரியுதுன்னேன்."

"அதுக்கு?"

"திட்டினார். கிளம்பிட்டார்."

வாசலில் வண்டி வந்து நின்றது.

ஹார்லன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"அட மாப்ளே! ஸ்கோப்பை முன்பின்னா மாட்டியிருக்கியேடா! பின்னே தீக்குச்சியாட்டம்தான் தெரியும்!"

"அப்படியா மச்சான்?"

"தள்ளு அந்தப் பக்கம்!"

பைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. குண்டில்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்கோப்பைக் கழற்றித் திருப்பி மாட்டினார். குழலின் முன்பக்கம் தாங்கலாக இருந்த இரட்டைக் கால்களைத் தட்டினார்.

"இதென்னடா, துப்பாக்கிக்குக் காலு? காட்டுக்கு அதுவே நடந்து போயிடுமா?"

ஜோலீன் சிரித்தேவிட்டாள். அண்ணன் கேலி பேசி எத்தனை நாளாச்சு!

அடுத்த நிமிஷமே அவர் குரல் மாறியது. "டேய், குண்டு ஏத்துற போல்ட் கைப்பிடி இடது பக்கம் இருக்கு. இது இடது கைக்காரன் துப்பாக்கிடா!"

"ஐயையோ! பார்க்காம வாங்கித் தொலைச்சிட்டேனே!" டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இந்த மனுஷன் எதைத்தான் உருப்படியாக வாங்கினான்? ஜோலீன் ரசீதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய், கடைக்குப் போன் போட்டாள். "இடது கை துப்பாக்கி தப்பா வந்திருக்குங்க. திருப்பி எடுத்துப்பீங்களா?"

"தாராளமா கொண்டாங்க. ஆனா தப்பா எப்படிம்மா வரும்? அவர் கேட்டதே அதுதானே! கடையில இல்லைன்னதும் மூணு மாசம் காத்திருந்து வரவழைச்சார். வலது கையால தாங்கிப் பிடிக்க முடியாத ஒருத்தர் சுடணும், அதனால முன்னால காலும் வேணும்னார்."

ஜோலீன் போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலோரம், இரட்டைக் காலில் நிற்கும் துப்பாக்கி ஹார்லனின் இடது தோளில் பதிந்திருந்தது. மூன்று விரல் போன கை அதை இதமாக அணைத்திருந்தது. "மாப்ளே, பைன் மரத்துக் காயைக்கூட எண்ணிடலாம்டா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"கடைக்காரன் திருப்பி எடுக்கவே மாட்டேன்னுட்டான். இந்த மடையன் வாங்கின தண்டத்தை நீயே எடுத்துட்டுப் போண்ணே, என் மேஜையாவது காலியாகட்டும்!"