நீல அட்டை

காலை வெயில் டோக்கியோ ஸ்டுடியோவின் நீள மேசைமேல் விழுகிறது. செட்டுக்குப் பலகை சுமக்கிற நான், அச்சகத்திலிருந்து வந்த திரைக்கதைக் கட்டை இறக்கிக் கயிற்றை அறுக்கிறேன். வரைவுக்கு வெள்ளை அட்டை, முடிவான கதைக்கு நீலம், இது நீலம். எதிரே எழுத்தாளர் குராமொச்சி சனாயே. பன்னிரண்டு வருடம் டிவிக்கு எழுதியவருக்கு இது முதல் சினிமா. "நிஷிவாகி அண்ணே, நடிகருங்க வந்து வாசிக்கறப்ப மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்கப் போறேன்," என்கிறார் என்னிடம். "இந்த மேசைக்குக் கால் அடிச்சவன் நானு, ஆட்டிப்புடாதீங்க," என்கிறேன். சனாயே சிரிக்கிறார். தயாரிப்பாளர் கமியா சிரிக்கவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பி, ஆறிப்போன தேநீரை ஊதிக்கொண்டிருக்கிறார். "கட்ட அப்புறம் பிரிக்கலாமே," என்கிறார், யாரையும் பார்க்காமல். நாற்பது வயதுக்கு மேல், சனாயே கழித்துப்போட்ட வெள்ளைப் பிரதிகளை வைத்துத்தான் நான் எழுத்துக்கூட்டப் பழகினேன். முதலில் படிக்க வந்தது அவர் பெயர்தான். மேல்தாளை விலக்குகிறேன். நீல அட்டையில் அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர். மறுபடி கூட்டிப் பார்க்கிறேன். காய்த்துப்போன உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடுகிறேன். "குடுங்கண்ணே, நான்தானே முதல்ல பாக்கணும்," என்று சனாயே கை நீட்டுகிறார். அட்டையிலிருந்து என் கை எழவில்லை.