நாலாம் நம்பர் வீட்டு கேம் கார்டு

"கழட்ட முடியாது அங்கிள். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

ஆறு குடித்தனத்துக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள் கார்குழலி.

ஹென்றிக்கு ரத்தம் தலைக்கேறியது. ராயபுரத்தில் அந்தக் காம்பவுண்டே அவருடையது. துறைமுகத்தில் முப்பது வருஷமாக கிரேன் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து, உடம்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு வந்து வாசலில் உட்கார்ந்து டீயை வாயில் வைப்பார். உடனே காம்பவுண்டு முழுக்க கரண்ட் போய்விடும். இரண்டு மாதமாக இதே கூத்து. தினமும் அவர்தான் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாகப் போய் ஃபியூஸ் கட்ட வேண்டும். இன்றைக்கும் கட்டிவிட்டு நேராக நாலாம் நம்பர் வாசலுக்கு வந்திருந்தார்.

யாரால் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாலாம் நம்பர் வீட்டு கார்குழலி, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதற்கென்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். அந்த வாரமே ஃபியூஸ் போக ஆரம்பித்தது. கேட்டதற்கு, "ஆமா, என் கார்டுதான் இழுக்குது" என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். கழட்டு என்றால் மட்டும் காதில் விழாது.

"பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மே சண்ட கேமு?"

"யார்டுல டபுள் ஷிஃப்ட் போடறப்ப பொம்பளப் புள்ளைன்னு எவனும் வுடலியே அங்கிள். என் சம்பளம், என் கார்டு."

கரண்ட் விஷயத்தில் ஹென்றி பொல்லாதவர். 'ஹீட்டர் ராடு போட்டால் வீடு காலி' என்று காம்பவுண்டு சுவரில் தன் கையாலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கிறார். ராடு ஆயிரத்தைந்நூறு வாட் இழுக்கும், நம்ம பழைய லைன் தாங்காது என்று புதுக் குடித்தனம் வரும்போதெல்லாம் ஒரு பிரசங்கம் உண்டு. கைக்குழந்தைக்கு வெந்நீர் வைக்க ராடு போட்ட சுப்பராயன் குடும்பத்தை ஒரே வாரத்தில் வெளியே அனுப்பினவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஏங்க, வுடுங்களேன். சின்னப் பொண்ணு" என்றாள் அவர் மனைவி அடைக்கலமேரி. மாதா கோயில் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது மணிக்கட்டில் கட்டு. "நான் போய் தண்ணி பாக்கறேன். குளிக்க வாங்க."

கரித்தூசி பச்சைத் தண்ணீரில் போகாது. இருபது வருஷமாக மேரிதான் ஸ்டவ்வில் அண்டா வைத்துக் காய்ச்சி, பாத்ரூமுக்குத் தூக்கிக் கொண்டுபோய் ஊற்றி வைப்பாள்.

"நீ உள்ள போ" என்று மனைவியை அதட்டிவிட்டுத் திரும்பினார். "இந்தா பாரு கொழலி. இப்பவே கழட்டு. இல்ல, மாசம் பொறக்கறதுக்குள்ள நீயும் உங்கம்மாவும் வூட்டைக் காலி பண்ணு."

குழலியின் அம்மா ரமாபாய்க்கு அழுகையே வந்துவிட்டது. "கழட்டிருடீ. இந்த வாடகைக்கு எங்கடீ வூடு தேடறது?"

"தேடிக்கலாம்மா. கழட்ட மாட்டேன்."

"அவ்ளோ திமிரா? நானே கழட்டறேன்."

டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக ஹென்றி உள்ளே நுழைந்துவிட்டார். குழலி குறுக்கே வந்து நின்றாள். அவளைத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழட்டினார். உள்ளே டார்ச் அடித்தால் ஒரே தூசி. எது கார்டு, எது என்னவென்று அவருக்கு என்ன தெரியும்?

"எங்க கீது? காட்டு."



டார்ச்சைச் சுற்றிலும் அடித்தார். பீரோ மேல் ஒரு பெட்டி. துப்பாக்கி பிடித்த படம் போட்டது. எடுத்துத் திருப்பினார். கடைக்காரன் ஒட்டிய டேப் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"இன்னாம்மே இது?"

"கார்டு."

"மாட்டவே இல்லியா?"

"எப்படி மாட்டறது? கம்ப்யூட்டர்ல பழைய பவர் சப்ளை, இருநூத்தம்பது வாட். நானூறு வேணும்னு பொட்டி மேலயே போட்டுக்கீது. அப்படியே மாட்டினா எல்லாம் பொகைஞ்சிடும். புது சப்ளை வாங்கினப்புறம்தான் மாட்டணும்." கொஞ்சம் நிறுத்தி, "மாட்டினாலும் அது ரெண்டு குண்டு பல்பு அளவுதான் இழுக்கும்" என்றாள்.

ரமாபாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுசு.

"அப்ப ரெண்டு மாசமா தெனமும் ஃபியூஸைப் போக வெக்கறது எவன்?"

"என் கார்டுதான்னு சொல்லிட்டேன் இல்ல? அத்தோட வுடுங்க. பொட்டியை வெச்சுட்டுக் கெளம்புங்க."

"பொய் சொல்லாத. யாரும்மே அது? சொல்லு, இன்னைக்கே தூக்கிப் போடறேன் வெளியே."

அப்போது எதிர்ப்பக்கம் அவருடைய முதல் நம்பர் வீட்டிலிருந்து மேரியின் குரல் கேட்டது.

"ஏங்க, தண்ணி காஞ்சிடுச்சு. குளிக்க வாங்க."

ஹென்றி திரும்பிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கியபடி மேரி வாசலில் நின்றிருந்தாள். ஒரு சொம்பைக்கூடத் தூக்க முடியாத கை. அவள் அண்டாவைத் தூக்கி இரண்டு மாதம் ஆகிறது. வெந்நீர் ஒரு நாளும் தவறவில்லை. எப்படி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஹீட்டர் ராடு பற்றிச் சுவரில் தன் கையால் எழுதினது அவர் கண்ணில் பட்டது.

கையில் இருந்த பெட்டியை மெதுவாகக் கட்டில் மேல் வைத்தார். வெட்கமாக இருந்தது.

"ஏன்... ஏன் கொழலி என்னாண்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா யாரைக் காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க, அங்கிள்?"