எறையூரிலிருந்து வந்த படம்

“இந்தச் சம்பந்தம் வேணாம். படமே சொல்லுது,” என்றார் ராஜராஜன்.

அவருடைய கைப்பேசியில் ஒரு சமையலறை தெரிந்தது. ஒரு சொல்லும் எழுதாமல் அப்படத்தைச் சற்றுமுன் அனுப்பியவர் எறையூர் நடராசன். ராஜராஜனின் மகன் பிரசாத் மணக்க விரும்பும் லாவண்யாவின் தந்தை.

நெதர்லாந்தில் மகள் வீட்டில் தங்கித் திரும்பியதிலிருந்து ராஜராஜனுக்கு அரியலூர் முழுவதுமே டச்சு ஓவியமாகத் தெரிந்தது. அந்நாட்டு ஓவியர்கள் வீட்டுக் காட்சிகளை வரைந்தபோது ஒவ்வொரு பொருளிலும் ஓர் அறத்தை ஒளித்துவைத்தார்கள் என்று அருங்காட்சியகத்தில் யாரோ விளக்கியிருந்தார்கள். அன்றுமுதல், கவிழ்ந்த செருப்பைக் கண்டாலே அதற்கு உரியவரின் ஒழுக்கத்தை அவர் ஐயுற்றார்.

மனைவி செங்கமலம் எட்டிப் பார்த்தாள். கீழப்பழுவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள்.

“ஒனக்குப் புரியாது. போய் காப்பி எடுத்தா,” என்று கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டார். தண்ணீரைக்கூட நாற்காலிக்கே வரவழைத்துக் குடிப்பவர் அவர்.

“நட்டநடுவுல வெளக்கமாறு கெடக்குது. குடும்பம் கட்டுப்பாடு இல்லாம போச்சுன்னு அர்த்தம். பாதி அறுத்த எலுமிச்சம்பழம். வெளியில பளபளப்பு, உள்ள புளிப்பு. பூனை தயிர்ச்சட்டிக்குள்ள தலைய வுட்டிருக்கு. அத வெரட்ட வேண்டிய ஆம்பள, கதவுக்கு அந்தாண்ட மூஞ்சில துண்டப் போட்டுக்கிட்டுத் தூங்குறான். தொப்பைதான் தெரியுது. டச்சுக்காரனா இருந்தா இவனத்தான் மொதல்ல வரைவான்.”

“அதுக்கு லாவண்யா என்னப்பா பண்ணுவா?” என்றான் பிரசாத்.

“தயிர்ச்சட்டிய மூடியிருக்கலாம்ல?”

மகன் கெஞ்சியதைப் பொருட்படுத்தாமல், அனைவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு நடராசனை அழைத்தார். விளக்கமாறு முதல் தொப்பை வரை ஒன்று விடாமல் பொருள் கூறினார். “மானமுள்ள எவனும் இந்த வூட்டோட சம்பந்தம் வச்சுக்க மாட்டான்,” என்று முடித்தார்.

நடராசன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதச் சொல்லத்தாங்க கூச்சப்பட்டு வெறும் படமா அனுப்புனேன். நேத்து மத்தியானம் மாப்ள வூடு பாக்கலாம்னு அரியலூர் வந்தேன்; வாசல்ல எவ்ளோ கூப்புட்டும் நீங்க எந்திரிக்கல, கொல்லப்பக்கமா வந்து எடுத்த போட்டோங்க அது.”