தாழ்ப்பாள்

"ஊரில சண்டை முடிஞ்சுதாம்," டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரிலிருந்து தொலைபேசியில் மனைவி விமலராணி அழுதாள். "இனியாவது கதவைப் பூட்டாமல் படுங்கோவன்."

வேலைக்காக வந்து அவன் தனியே தங்கியிருந்த கிரீன்லாந்து மீன்பிடிக் கிராமத்தில் கதவைப் பூட்டுகிற ஒரே ஆள் குருசுமுத்துதான். "இங்க ஒருத்தரும் பூட்டிறேல்ல," என்று பக்கத்து வீட்டு நயா அவனுக்கு விளங்கும் டேனிஷில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். கள்ளர் இல்லாத ஊராக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"தட்டின உடன திறந்துதான் அண்ணையைப் பறிகுடுத்தனாங்கள்," என்றான் மனைவியிடம். "பூட்டினால்தான் எனக்கு நித்திரை வரும்."

போனை வைத்த சற்று நேரத்தில் கதவு அதிர்ந்தது. யாரோ இரண்டு கையாலும் இடித்தபடி, அவனுக்கு விளங்காத மொழியில் கத்தினார்கள். அன்று அண்ணனைக் கொண்டுபோனவர்களும் அப்படித்தான் கத்தினார்கள். குருசுமுத்து கட்டிலுக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து ஒரு வெடிச்சத்தம். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

கதவைத் திறந்தான். வாசற்படியில் சூப்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து பனியில் இரத்தம் இழுபட்டிருந்தது. அது முடிந்த இடத்தில், நயாவின் உடலுக்குப் பக்கத்தில், கையில் துவக்கோடு அவளின் புருஷன் நின்றிருந்தான்.

"உன்ர ஊர்ச் செய்தியை ரேடியோவில கேட்டிட்டு, உனக்குத்தான் சூப் கொண்டு வந்தவள்," என்றான் அவன் டேனிஷில். "வெள்ளைக்கரடி துரத்தினால் எந்த வீட்டுக்குள்ளயும் ஓடிப் புகவேணும். அதுக்காகத்தான் நாங்கள் பூட்டிறேல்ல."